ஓக்வென் பள்ளத்தாக்கில் நண்பருடன் ஒரு வார இறுதி: பாறையேற்றமும் சிகர நடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட வேல்ஸில் ஸ்நோடோனியா என்று நெடுங்காலம் அறியப்பட்ட எரரி தேசியப் பூங்காவின் வடக்குப் பகுதியில், ஏ5 நெடுஞ்சாலையை ஒட்டி ஓக்வென் பள்ளத்தாக்கு இருக்கிறது. சனிக்கிழமை இட்வல் பாறைச்சரிவில் கயிறு கட்டி ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை ட்ரவன் சிகரத்தின் வடமுகட்டில் நடந்தும் தவழ்ந்தும் மேலே செல்வது என்ற திட்டத்தோடு இரண்டு நண்பர்கள் அங்கே போகும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் வாழ்ந்து, மலைநடையில் ஓரளவு பழகி, அடுத்து பாறையேற்றத்துக்கு வர விரும்பும் தமிழர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

பாறையேற்றத்துக்கும் சிகர நடைக்கும் ஓக்வென்னை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இரண்டும் ஒரே வண்டி நிறுத்தத்திலிருந்து நடந்து அடையும் தொலைவில் இருப்பதுதான் முதற்காரணம். ஓக்வென் ஏரியின் மேற்கு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, கல் பாவிய பாதையில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் இட்வல் ஏரியைக் கடந்து பாறைச்சரிவின் அடியை எட்டிவிடலாம். மறுநாள் ஏற வேண்டிய ட்ரவன் அதே சாலையின் ஓரத்திலேயே எழுந்து நிற்கிறது. இரண்டே நாள் கையில் இருக்கும்போது, ஒவ்வொரு நாளும் வண்டியோட்டுவதில் நேரம் போகாமல் இருப்பது பெரிய பேறு.

இரண்டாவது காரணம் பாறையின் இயல்பு. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் செயல்களால் உருவான இந்தப் பாறை உறுதியானது, விரிசல்களும் விளிம்புகளும் நிறைந்தது. கைப்பிடிக்கும் காலூன்றலுக்கும் குறைவிருக்காது. பின்னால் வந்த பனியாறுகள் பள்ளத்தைக் குடைந்து இன்றைய வடிவத்தைத் தந்தன. 1831-இல் இளைஞரான சார்லஸ் டார்வின் தம் புவியியல் ஆசிரியர் ஆடம் செட்ஜ்விக்குடன் இங்கே வந்து புதைபடிவங்களைத் தேடினார். சுற்றிலும் கிடந்த பனியாற்றுத் தடயங்கள் அன்று இருவர் கண்ணிலும் படவில்லை. 1842-இல் டார்வின் மீண்டும் வந்தபோதுதான் அவற்றை அடையாளம் கண்டு எழுதினார். ஏரிக்கரையில் சிதறிக் கிடக்கும் பெரும் கற்களைப் பார்க்கும்போது இந்தச் செய்தி நினைவில் இருந்தால், அந்த இடம் வேறு விதமாகத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் எவ்வளவு அனுபவம் இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று கருதுகிறேன். ஒருவர் நன்கு பழகியவர், மற்றவர் அவரை நம்பி வருபவர் என்ற ஏற்பாட்டில்தான் பல இணைகள் புறப்படுகின்றன. உள்ளரங்கச் சுவரில் அது செல்லும். ஒரு கயிற்று நீளத்துக்கு மேல் போவதால், இடையிடையே நின்று பல கட்டங்களாக ஏறும் நீண்ட பாறையில் செல்லாது. முன்னால் ஏறுபவர் விழுந்து காயமுற்றால், அவரைக் கயிற்றில் நிறுத்தி, தம்மையும் பத்திரப்படுத்தி, உதவிக்கு அழைக்கும் பொறுப்பு முழுவதும் பின்னால் நிற்பவருடையதாகிவிடுகிறது. ஆகவே இரண்டாவது ஆளாக வருபவருக்கும் குறைந்தபட்சம் மூன்று திறன்கள் இருக்க வேண்டும்: கயிற்றைப் பிடித்து விழுச்சியை நிறுத்துவது, அதாவது பிலே செய்வது, பாரம் தாங்கும் கயிற்றைக் கட்டிவிட்டுத் தம் கைகளை விடுவித்துக்கொள்வது, கயிற்றில் வழுக்கி இறங்குவது. இவற்றைத் தரைமட்டத்தில், மழையில்லாத நாளில், பலமுறை செய்து பார்த்த பிறகே இட்வலுக்கு வர வேண்டும்.

முன்னால் ஏறுபவர் இதற்கு முன் ஒரே கட்டமுள்ள சிறு பாறைகளில், தாமே பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்திப் பழகியிருக்க வேண்டும். உள்ளரங்கில் எவ்வளவு கடினமான வழியை ஏறியிருந்தாலும் அது உடல் வலிமைக்கு மட்டுமே சான்று. கருவியைப் பொருத்தும் கண்ணும் கையும் வெளியில்தான் வளரும்.

இருவருக்குமே இது புதிது என்றால் தகுதிபெற்ற பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். பல கட்டப் பாறையில் கற்பிக்க ‘மவுன்டனீரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்’ என்ற தகுதி உடையவரைக் கேட்க வேண்டும். இதைவிடக் கீழ்நிலைத் தகுதியான ‘ராக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்’ ஒற்றைக் கட்டப் பாறைகளுக்கு உரியது. அருகிலுள்ள காப்பெல் கிரிக்கில் பிளாஸ்-அ-பிரெனின் என்ற தேசிய மலைப்பயிற்சி மையமும் இருக்கிறது.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால், மெதுவாக ஏறும் புதிய இணைக்கு அவசரம் இல்லை. இட்வல் சரிவு வடதிசையை நோக்கிய பள்ளத்துக்குள் இருப்பதால், மழை விட்ட பிறகும் காய்வதற்கு நேரமெடுக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் பனியும் உறைபனியும் சேர்ந்தால் ட்ரவன் வடமுகடு பனிக்கோடரியும், பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பானும் வேண்டும் மலையாக மாறிவிடும். அது வேறு கலை.

சனிக்கிழமை இட்வல் சரிவில் எந்த வழியில் ஏறலாம்?

‘ஹோப்’ என்ற வழியைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 140 மீட்டர் நீளம், நான்கு அல்லது ஐந்து கட்டங்கள், பிரிட்டிஷ் தரவரிசையில் ‘வெரி டிஃபிகல்ட்’. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர் என்று செல்லும் இந்த வரிசை, ஆணி அடித்த பூட்ஸும் சணல் கயிறும் கொண்டு ஏறிய காலத்தில் உருவானது. அதன் பிறகு மேலே பல படிகள் சேர்ந்துவிட்டதால், இன்று ‘வெரி டிஃபிகல்ட்’ தொடக்கநிலையாளர் ஏறும் தரம். ஆயினும் பொருத்தும் கருவிகளையும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நின்று நம்மைக் கட்டிக்கொள்ளும் நிலைகளையும் நாமே தீர்மானிக்க வேண்டியிருப்பதால் அதை எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வழி முதன்முதலில் 1915-இல் ஏறப்பட்டது. ஏறிய குழுவில் எமிலி டேனியல் என்ற பெண்மணியும், பிற்காலத்தில் இலக்கியத் திறனாய்வாளராக உலகப் புகழ் பெற்ற ஐ. ஏ. ரிச்சர்ட்ஸும் இருந்தார்கள். நம் கல்லூரிகளின் திறனாய்வுப் பாடங்களில் ரிச்சர்ட்ஸின் பெயரைப் படித்தவர்கள், அதே மனிதர் தொட்ட கைப்பிடியைத் தாங்களும் தொடுகிறோம் என்று உணரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நான் வெகுவாக மதிக்கிறேன். அருகிலேயே செல்லும் ‘டென்னிஸ் ஷூ’ என்ற சற்றே கடினமான வழியை 1919-இல் ஏறியவர் நோயல் ஓடெல். 1924-இல் எவரெஸ்டில் மேலே சென்றுகொண்டிருந்த மாலரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்டவர் அவர்தான்.

ஹோப் வழியில் கடினமான இடம் இரட்டை விரிசல்கள் உள்ள பகுதி. நூறாண்டுக்கு மேலாகப் பட்ட பூட்ஸ் தடங்களால் அங்கே பாறை மெருகேறி வழுக்குகிறது. விரிசலுக்குள் கையை ஆழமாக இறக்கிக்கொண்டு, பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி அழுத்தி, அவசரமின்றி உடலை உயர்த்த வேண்டும். அதற்குக் கீழே நல்ல கருவியொன்றைப் பொருத்திவிட்டால் மனம் அமைதியடையும்.

பாறையில் போல்ட் எதுவும் இல்லையென்றால் கயிறு எப்படிக் காப்பாற்றும்?

இட்வலில் பாறையைத் துளைத்து இரும்பு வளையம் பொருத்தும் வழக்கம் இல்லை. ஏறுபவர் பொருத்தும் கருவிகளைப் பின்னால் வருபவர் கழற்றிக்கொண்டு வர, பாறை பழையபடியே விடப்படுகிறது. முன்னால் ஏறுபவர் விரிசலில் ‘நட்’ எனப்படும் ஆப்பு வடிவ உலோகத் துண்டையோ, வில்விசையால் விரியும் ‘கேம்’ கருவியையோ பொருத்தி, அதில் கரபினர் எனப்படும் திறந்து மூடும் உலோக வளையத்தின் வழியாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். கடைசியாகப் பொருத்திய கருவிக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் அவர் வழுக்கினால், ஆறு மீட்டரும் அதோடு கயிறு நீளும் தொலைவும் விழுவார். விழுச்சியின் விசையில் ஒரு பகுதியை நீளும் கயிறு உட்கொள்கிறது. மிச்சத்தைக் கருவியும் கீழே கயிறு பிடித்திருப்பவரும் தாங்குகிறார்கள். கருவிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குறிப்பாக, ஒவ்வொரு நிலையிலிருந்து கிளம்பியதும் முதல் கருவியை விரைவில் பொருத்திவிட வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நிலையமைக்கும்போது, ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் மற்றவை தாங்கும்படி, ஒன்றையொன்று சாராத மூன்று பிடிமானங்களையாவது இணைக்க முயல வேண்டும். இட்வலில் பெரும் பாறைமுனைகளும் கிடைப்பதால், அவற்றின் மீது ஸ்லிங் எனப்படும் நீண்ட நாடா வளையங்களைப் போட்டு இந்த வேலையை எளிதாக்கிக்கொள்ளலாம்.

கயிற்றின் இரு முனையிலும் இருக்கும் நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வது?

நாற்பது மீட்டர் இடைவெளியில், காற்று வீசும்போது, முழு வாக்கியங்கள் காதில் விழாது. ஆகவே பிரிட்டிஷ் பாறைகளில் வழங்கும் குறுஞ்சொற்களை அப்படியே பயன்படுத்துவது நல்லது. மேலே போனவர் தம்மைப் பிடிமானத்தில் கட்டிக்கொண்டதும் ‘சேஃப்’ என்பார். அதன் பிறகே கீழிருப்பவர் பிலேயைக் கழற்ற வேண்டும். மிச்சக் கயிறு இழுக்கப்பட்டு முடிந்ததும் ‘தட்ஸ் மீ’ என்று கீழிருப்பவர் கூவ, ‘கிளைம்ப் வென் ரெடி’ என்று மேலிருந்து விடை வர வேண்டும். ஒரே பாறையில் இன்னும் சில இணைகள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், ஒவ்வொரு குரலோடும் நண்பரின் பெயரைச் சேர்த்துக் கூவுங்கள். வேறொருவரின் ‘சேஃப்’ கேட்டுத் தம் நண்பரின் பிலேயைக் கழற்றிவிடும் ஆபத்து இதனால் நீங்கும். குரலே கேட்காத நிலைக்குக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டும் முறையொன்றைத் தரையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிலேயைக் கழற்றாதீர்கள். நேரம் வீணாவது பெரிய இழப்பல்ல.

ஏறி முடித்த பிறகு எப்படி இறங்குவது?

கவனமாக. இட்வல் சரிவின் உச்சியிலிருந்து நடந்தே இறங்கும் வழி உண்டு. ஆனால் அதிலும் மெருகேறிய, கை ஊன்றி இறங்க வேண்டிய படிகள் இருக்கின்றன. ஏறும் பதற்றம் தணிந்து, பாறைக்காலணியைக் கழற்றி, பேச்சு தொடங்கும் நேரத்தில்தான் கால் வழுக்குகிறது. ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். கயிற்றையும் பையின் அடியில் திணிக்க வேண்டாம், நண்பர் தயங்கும் இடத்தில் ஒரு பாறைமுனையைச் சுற்றிக் கயிறு போட்டு அவரை இறக்கிவிடலாம். வழியை முன்னரே கையேட்டில் படித்து இருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

என்னென்ன கருவிகள் எடுத்துச் செல்ல வேண்டும்?

இரண்டாகச் சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய ‘ஹாஃப் ரோப்’ கயிறுகள் 50 மீட்டர் நீளத்தில் இரண்டு, அல்லது ஒற்றைக் கயிறு என்றால் 60 மீட்டர். ஒரு முழுத் தொகுதி நட், சில நடுத்தர கேம், 120 மற்றும் 240 சென்டிமீட்டர் ஸ்லிங்குகள், பூட்டுள்ள கரபினர்கள், ஆளுக்கொரு ஹார்னஸ், ஹெல்மெட், பிலே கருவி, பாரம் ஏறும்போது கயிற்றை இறுகப் பற்றும் புரூசிக் முடிச்சுக்கான மெல்லிய கயிற்று வளையங்கள். இவற்றோடு தலைவிளக்கு, மழைச்சட்டை, விசில், நெருக்கடியில் உள்ளே புகுந்து குளிரைத் தடுக்கும் காப்புப் பை ஆகியவற்றை இரண்டு நாளும் பையை விட்டு எடுக்கக் கூடாது. பழைய கயிற்றையோ ஹார்னஸையோ இணையத்தில் வாங்கிப் பணம் மிச்சப்படுத்த வேண்டாம். அதன் கடந்தகாலம் உங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ட்ரவன் ஏற்றம் எப்படியிருக்கும்?

917.5 மீட்டர் உயரமுள்ள ட்ரவன், நடப்பவர் கைகளையும் பயன்படுத்தியே உச்சியை அடைய வேண்டிய மலை. சாலை ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏற வேண்டியது 600 மீட்டருக்குச் சற்று மேல். கைகளையும் ஊன்றி ஏறும் ‘ஸ்கிராம்பிளிங்’ தரவரிசையில் வடமுகடு முதல் தரம், அதாவது எளிய தரம்; வறண்ட நாளில், உயரத்துக்கு அஞ்சாத இருவருக்குப் பொதுவாகக் கயிறு தேவைப்படாது.

இந்த முகட்டில் ஒரே பாதை என்று எதுவும் இல்லை. மனிதர் நடந்த தடங்கள் பல திசைகளில் பிரிகின்றன. இடப்புறம் விலகினால் ஹெதர் டெரஸ் எனப்படும் கிழக்குப்பக்கத் திண்ணையில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். வலப்புறம் விலகினால் செங்குத்தான நிலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குழப்பம் வரும்போதெல்லாம் முகட்டின் நடுக்கோட்டுக்குத் திரும்புவதே பாதுகாப்பான விதி. ஏறிவிட்டுப் பின்னால் இறங்க முடியாது என்று தோன்றும் படியில் காலை வைக்காமல், பத்து அடி பக்கத்தில் நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் எளிய வழி இருக்கும். பாதி உயரத்தில் வானை நோக்கிச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் ‘கேனன் ஸ்டோன்’ கீழே சாலையிலிருந்தே தெரியும். சரியான வழியில் வருகிறோம் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

உச்சியிலிருந்து தெற்கே ட்ரவன் கணவாய்க்கு இறங்கி, அங்கிருந்து மேற்கே பொக்லுயிட் ஏரி வழியாக ஓக்வென்னுக்கு வரலாம். இடையில் நின்று சாப்பிடுவதையும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உச்சியில் இருக்கும் இரட்டைக் கற்களுக்கிடையே தாவித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள ஆடம், ஈவ் என்ற இரு கற்களும் ட்ரவன் உச்சியின் அடையாளம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியவர் ‘ட்ரவன் உரிமை’ பெற்றதாக ஒரு மரபு சொல்கிறது. இடைவெளி ஒரு பெரிய எட்டுதான். ஆனால் மேற்பரப்பு வழவழப்பானது, கிழக்குப் பக்கம் பள்ளம். ஈரமான நாளில் நினைத்தே பார்க்கக் கூடாது. நண்பர் தாவினார் என்பதற்காக நீங்கள் தாவ வேண்டியதில்லை, அவர் தயங்கினால் நீங்கள் ஊக்கமூட்ட வேண்டியதும் இல்லை.

அப்படியே கிளிடர் வாக் சிகரத்துக்கும் போகலாமா?

நேரமும் உடலும் இடம் தந்தால் போகலாம். ட்ரவன் கணவாயிலிருந்து ‘பிரிஸ்ட்லி ரிட்ஜ்’ என்ற முட்கள் நிறைந்தது போன்ற முகடு 994 மீட்டர் உயரமுள்ள கிளிடர் வாக்குக்கு இட்டுச் செல்கிறது. அதுவும் முதல் தரம்தான் என்றாலும் வடமுகட்டைவிடத் திறந்தது, காற்றுக்கு ஆட்பட்டது. மேலே ஒரு பக்கம் பாறைகளால் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நீண்டு நிற்கும் ‘கேன்டிலீவர் ஸ்டோன்’ மீது நின்று படமெடுக்காமல் எவரும் திரும்புவதில்லை. முந்தைய நாள் கயிற்றில் உழைத்த தோள்களும் விரல்களும் எப்படியிருக்கின்றன என்று கணவாயில் அமர்ந்து இருவரும் உண்மையாகச் சொல்லிக்கொண்ட பிறகே முடிவெடுங்கள். நண்பகல் ஒரு மணிக்கு மேல் கணவாயை அடைந்தால் இறங்கிவிடுவது என் வழக்கம்.

மழை பெய்தால் என்ன செய்வது?

எரரியில் மழை வரும் என்றே திட்டமிட வேண்டும். மலைகளுக்கென்றே வெளியாகும் மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸின் முன்னறிவிப்பில், மழையளவைவிட உச்சியில் காற்றின் வேகத்தையும் மேகத்தின் அடிமட்டத்தையும் முதலில் பாருங்கள். நூறு மீட்டர் ஏறும்போது வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் குறையும். நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் ஜூலையிலும் உடல் விறைக்கும். சனிக்கிழமை ஈரமாகவும் ஞாயிறு வறண்டும் இருக்கும் என்றால், நாட்களைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் கெட்டுவிட்டால் இட்வல் ஏரியைச் சுற்றி நடந்து, டெவில்ஸ் கிச்சன் என்ற பெரும் பிளவைக் கீழிருந்து பார்த்துவிட்டு வரலாம். பிறகு பென்-அ-கூரிட் விடுதிக்குப் போய், 1953 எவரெஸ்ட் குழுவினர் பயிற்சிக்காகத் தங்கியபோது பழகிய அறைகளையும், கூரையில் அவர்கள் இட்ட கையொப்பங்களையும் காணலாம். பெண்களுக்கான ‘பினக்கிள் கிளப்’ என்ற மலையேறுவோர் சங்கம் 1921-இல் தொடங்கப்பட்டதும் அங்கேதான்.

நடுவழியில் நண்பருக்குப் பயம் வந்துவிட்டால்?

பயம் வருவது இயல்பு. அது வரும் என்று எதிர்பார்த்து, எந்தச் சொல்லைக் கேட்டதும் கேள்வியே இல்லாமல் திரும்புவது என்று வீட்டிலேயே பேசி வைத்திருக்க வேண்டும் என்பது நான் மிக உறுதியாக வலியுறுத்தும் செய்தி. மலையில் நின்றுகொண்டு இதைப் பேசத் தொடங்கினால், தயங்குபவர் நண்பரின் நாளைக் கெடுக்கிறோமே என்று கூசுவார், வலுவானவர் இன்னும் கொஞ்சம்தான் என்று தள்ளுவார். இருவருமே அன்பினால் தவறிழைப்பார்கள். ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, எந்த நிலையில் திரும்புவோம் என்பதை வெள்ளிக்கிழமை இரவு வரைபடத்தை விரித்து வைத்துத் தீர்மானியுங்கள். இருவரில் எவர் சொன்னாலும் அது இருவரின் முடிவு. நம் ஊர்ப் பழக்கத்தில் வயதில் மூத்தவரிடம் ‘எனக்கு முடியவில்லை அண்ணா’ என்று சொல்லத் தயங்குவோர் உண்டு. மூத்தவர்தான் அந்தத் தயக்கத்தை முன்கூட்டியே போக்க வேண்டும்.

பாறையில் பயம் வந்தால், முதலில் நண்பரை ஒரு நல்ல திண்ணையில் நிறுத்தி, கயிற்றை இறுக்கி, தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். அறிவுரைகளைக் குறையுங்கள். அடுத்த ஒரு காலடியை மட்டும் சொல்லுங்கள்.

விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது?

999-ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூவையும் கேட்க வேண்டும். ஓக்வென் பள்ளத்தாக்குக்கென்றே தன்னார்வ மீட்புக் குழு இயங்குகிறது; அவர்கள் கட்டணம் பெறுவதில்லை. குரலழைப்பு கிடைக்காத இடங்களில் குறுஞ்செய்தி சென்றுவிடும் என்பதால், வீட்டிலிருந்தே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கைபேசியே பயனற்றுப் போனால், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும்.

எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

ஓக்வென் ஏரிக்கருகிலேயே இட்வல் காட்டேஜ் என்ற இளைஞர் விடுதி இருக்கிறது. ட்ரவன் அடிவாரப் பண்ணைகளில் கூடாரம் போடலாம். கோடையில் முன்பதிவு அவசியம். பாறையில் நின்றபடியே உண்ணக்கூடிய புளியோதரையும் வேர்க்கடலை உருண்டையும் எங்கள் பையில் எப்போதும் இருக்கும். குளிரிலும் கெடாமல், கையில் ஒட்டாமல், விரைவில் தெம்பு தருபவை.

வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இட்வல் பள்ளம் 1954-இல் வேல்ஸின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். ஆர்க்டிக் பகுதிகளில் வளரும் ஸ்நோடன் லில்லி என்ற அரிய செடி இங்குள்ள ஈரமான பாறை விளிம்புகளில் வேரூன்றி வாழ்கிறது. விரிசலில் மண்ணும் புல்லும் இருந்தால் அதைச் சுரண்டிக் கருவி பொருத்தாமல் வேறு விரிசல் தேடுங்கள். சாலையோரத்தில் குறித்த இடங்களில் மட்டும் வண்டியை நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால்தான் வார இறுதியில் இடம் கிடைக்கும்.

ஞாயிறு மாலையே லண்டனுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம், ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேலான பயணம் அது. இரண்டு நாள் உழைத்த இருவரும் மாறி மாறி ஓட்ட வேண்டும். ஒருவருக்கு மட்டுமே ஓட்டுநர் உரிமம் இருந்தால் இன்னோர் இரவு தங்கிவிட்டுத் திங்கள் காலை கிளம்புங்கள். வீடு சேர்ந்ததும் ஈரக் கயிற்றை வெயில் படாத இடத்தில் தளர்வாகப் பரப்பி உலர்த்தி, கையால் தடவிப் பார்த்து, தட்டையாகிய அல்லது மென்மையாகிய பகுதி ஏதும் இருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.